கையும் களவுமாக

நாற்பது கிலோமீட்டர். அதற்குமேல் ஓடாது.
முதலில் பெடலில் தெரியும்:
மிதிக்கிறேன், வண்டி யோசிக்கிறது.
பிறகு ஒரு விக்கல். இன்னொன்று.
பிறகு ஹோஆனிப் ஆற்றின் வறண்ட மணலில்
நான் கேட்காத அமைதி.

பத்து நிமிடம் விட்டால் போதும்,
எதுவுமே நடக்காததுபோல் உறுமும்.
ஒப்புவோ மெக்கானிக் முன்னால்
ஒரு பகல் முழுக்க உறுமியது.
"வண்டிக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான்" என்றான்
என் பணத்தை எண்ணிக்கொண்டே.

பின்னால் ஐஸ் பெட்டியில்
அறுநூறு மாடுகளுக்கான ஊசிமருந்து.
உவெரிமுனா வெப்பமானியை வாசிக்கிறாள்.
ஆறு.
ஆறரை.
எட்டைத் தாண்டினால் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர்.
அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை.
அதுதான் சுடுகிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.
ஃபில்டர் புதிது.
அதன் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன்:
தண்ணீர் கலந்திருந்தால் டீசலுக்கு அடியில்
தனியாக உருண்டு நிற்கும்.
இல்லை. ஒரே தேன் நிறம்.
டேங்க் மூடியைத் திருகிக் காது வைத்தேன்:
மூச்சுத்துளை அடைத்திருந்தால்
உஸ்ஸென்று காற்றை இழுக்கும்.
இழுக்கவில்லை.
குழாயின் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவினேன்,
ஈரம் தேடி. புழுதிதான் ஒட்டியது.
கைப்பம்பை அமுக்கினேன். குமிழ் உடனே எழுந்தது,
சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைபோல.

"நின்றதும் நீ என்ன செய்கிறாய் தெரியுமா?"
உவெரிமுனா இறங்கவே இல்லை, ஜன்னல் வழியாகத்தான் கேட்டாள்.
"முதலில் திட்டுகிறாய்.
அப்புறம் சிகரெட்.
அப்புறம்தான் பானெட்.
அதற்குள் திருடன் வீடு போய்ச் சேர்ந்து
சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான்."

அடுத்த முறை விக்கியபோது
உருளும் வண்டியிலிருந்தே அவள் குதித்தாள்.
நான் பிரேக்கை மிதிப்பதற்குள் பானெட் திறந்திருந்தது.
அமுக்கினாள்.
குமிழ் எழவில்லை.
உள்ளே போனது போனபடி,
கன்னம் ஒட்டி உறிஞ்சிய வாய்போலக் கிடந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
நேரம் போனது. ஏழு என்றாள்.
மெல்ல, யாரோ பிடி விட்டதுபோல,
குமிழ் மேலே வந்தது.

ஆக, எஞ்சின் நிரபராதி. பம்பும்தான்.
அடைப்பது டேங்குக்குள்ளே இருக்கிறது,
எஞ்சின் இழுக்கும்வரை பிடித்துக்கொண்டு,
நின்றதும் விட்டுவிடுகிறது.

கன்றுக்கு மருந்து புகட்டும் கண்ணாடிபோன்ற குழாய்
அவள் பெட்டியில் இரண்டு இருந்தன.
கூரைமேல் டீசல் கேனைக் கட்டினோம்.
ஒரு குழாய் கேனிலிருந்து ஃபில்டருக்கு,
மிஞ்சி வழிவதற்கு இன்னொன்று, திரும்பக் கேனுக்கே.
டேங்கைக் கேட்காமலே கிளம்பினோம்.
அவள் தலையை வெளியே நீட்டிக் குழாயையே பார்த்தபடி வந்தாள்,
ஒரு குமிழிகூட இல்லாமல்
பொன்னிறப் பாம்பு ஓடிக்கொண்டிருந்தது.
நாற்பது.
நாற்பத்தொன்று என்று சொல்ல எனக்குப் பயம்.
அறுபத்திரண்டில் புர்ரோஸ் வந்தது,
பட்டியில் மாடுகள், பட்டிக்கு வெளியே கோபம்.
மருந்து ஏழரையில் பிழைத்திருந்தது.

மறுநாள் டேங்கை வடித்து
மிதவையின் தட்டைக் கழற்றிக்
கையை விட்டேன், தோள்வரை.
சேறில்லை, துருவில்லை.
விரலில் ஏதோ வழுக்கி வழுக்கிப் போயிற்று.
நான்காம் முறை சிக்கியது.

காசளவு வெள்ளித்தாள்.
எழுத்துகள் இன்னும் அழியவில்லை:
இன்ஜெக்டர் சுத்திகரிப்பான்.
போன மாதம், வண்டிமேல் திடீரென்று பாசம் பொங்கி
நானே வாங்கி ஊற்றியது.
புட்டியின் முத்திரையை உரிக்கச் சோம்பி
கட்டைவிரலால் உள்ளே குத்தினேனே,
அந்த முத்திரை.

உவெரிமுனா எதுவும் சொல்லவில்லை.
சாணம், ரத்தம் எடுக்கும் மாதிரி உறை ஒன்றில்
அதைப் போட்டு ஒட்டி
முறைப்படி நிரப்பத் தொடங்கினாள்.
தேதி. இடம்.
கண்டெடுத்தவர்: என் பெயர்.
கால்நடையின் உரிமையாளர் என்ற இடத்தில்
பேனா ஒரு கணம் நின்றது.
அங்கும் என் பெயரையே எழுதினாள்.